பாக்டீரியா சோதனை முடிவோடு பிஎச், உப்பு, ஆக்சிஜன் அளவையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைக் கழிவுநீர், ஏரி நீர், குப்பைமேட்டிலிருந்து கசியும் நீர் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளில் ‘பாக்டீரியா சோதனையில் உடனடி நச்சுத்தன்மை எதுவும் காணப்படவில்லை’ என்ற வரி இப்போது அடிக்கடி வருகிறது. சில நேரம் அதற்கு நேர்மாறாக ‘பாக்டீரியாவின் ஒளி பெருமளவு மங்கியது’ என்று வருகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே நீரைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். குப்பிக்குள் அந்த நீர் எந்த பிஎச் அளவில் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) இருந்தது, அதில் எந்த உப்பை எவ்வளவு போட்டார்கள், ஆக்சிஜன் இருந்ததா, குளோரினை நீக்கினார்களா, எத்தனை நிமிடம் கழித்து ஒளியை அளந்தார்கள் என்பவை தெரியாமல் அந்த ஒற்றை எண்ணை வைத்து ‘நச்சு உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வது சரியாகாது. இந்தச் சோதனையோடு அன்றாடம் பழகுபவர்கள் என்ற முறையில், அதன் உள்விவரத்தை வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் தந்தால் நன்றி.

சோதனையில் பயன்படுவது அலிவிப்ரியோ ஃபிஷெரி என்னும் கடல் பாக்டீரியா. அது தானாகவே ஒளிரும். பழைய அறிக்கைகளில் இதே இனம் போட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் என்றும், பிறகு விப்ரியோ ஃபிஷெரி என்றும் குறிக்கப்பட்டிருக்கும். 2007-இல்தான் இன்றைய பெயர் வந்தது. மூன்று பெயரைப் பார்த்து மூன்று சோதனை என்று எண்ண வேண்டாம். என்ஆர்ஆர்எல் பி-11177 என்ற வளர்ப்பு எண் இருந்தால் எல்லாம் ஒன்றே. பாக்டீரியாவுக்குள் இருக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதி, ஒடுக்கப்பட்ட ஃபிளேவினையும் நீண்ட சங்கிலி ஆல்டிஹைடு ஒன்றையும் ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்கிறது. அப்போது 490 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளி வெளியாகிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி தடைபட்டால் ஒளி உடனே மங்கும். மீனை 96 மணி நேரம் தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக அரை மணி நேரத்தில் விடை கிடைப்பது இதனால்தான். ஐஎஸ்ஓ 11348 என்ற பன்னாட்டுத் தர முறை இதற்கு உண்டு. புதிதாக வளர்த்த பாக்டீரியா, திரவ நிலையிலிருந்து உலர்த்தியது, உறையவைத்து உலர்த்தியது என அதற்கு மூன்று பகுதிகள். பெரும்பாலான ஆய்வகங்கள் மூன்றாவது வகையைத்தான் பயன்படுத்துகின்றன.

செய்முறை எளிது. உறைநிலையில் வைத்திருந்த குப்பியைத் திறந்து, குளிர்ந்த வடிநீரைச் சொட்டுச் சொட்டாக அல்லாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மெல்ல ஊற்றினால் முதலில் நனையும் செல்கள் வெடித்துச் சாகும். அன்றைய தொகுதி முழுவதும் மங்கலாகவே இருக்கும். பிறகு 15 டிகிரி செல்சியஸில் வைத்த சிறு குழாய்களில் 0.5 மில்லிலிட்டர் பாக்டீரியாக் கரைசலை இட்டு, 15 நிமிடம் நிலைபெறவிட்டு, முதல் ஒளியை அளக்க வேண்டும். அதன்பின் அதே 15 டிகிரிக்குக் கொண்டுவந்த மாதிரி நீரில் 0.5 மில்லிலிட்டர் சேர்த்து 5, 15, 30 நிமிடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே சேர்த்தால், வெப்பநிலை இறங்கியதால் மங்கிய ஒளி நச்சின் கணக்கில் போய்ச் சேரும். காற்றில் ஈரம் அதிகமுள்ள அறையில் குழாயின் வெளிப்புறம் வியர்க்கும். அதைத் துடைக்காமல் அளந்தாலும் இதே பிழைதான்.

கணக்கும் சிக்கலானதல்ல. நச்சில்லாத ஒப்பீட்டுக் குழாயில் தொடக்க ஒளி 1000, 15 நிமிடம் கழித்து 900 என்றால், பாக்டீரியா தானாகவே 0.90 மடங்குக்கு இறங்கியிருக்கிறது. மாதிரிக் குழாயின் தொடக்க ஒளி 980 என்றால், நச்சு இல்லாதபோது அது 882 ஆக இருந்திருக்க வேண்டும். அளந்தது 441 என்றால் தடுப்பு 50 விழுக்காடு. இப்படிப் பல நீர்த்தல்களில் அளந்து, ஒளி பாதியாகும் செறிவைக் கணிப்பதே இசி50. இந்த எண் எவ்வளவு சிறியதோ நச்சு அவ்வளவு கடுமை.

சிக்கல் முழுவதும் அந்த 0.5 மில்லிலிட்டர் மாதிரியைத் தயார்செய்யும் இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பிஎச். மாதிரியின் பிஎச் 6 முதல் 8.5 வரை இருந்தால் பொதுவாக மாற்றத் தேவையில்லை. அதற்கு வெளியே இருந்தால், அமிலமோ காரமோ மட்டுமே பாக்டீரியாவை மங்கவைத்துவிடும் என்பதால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ சோடியம் ஹைட்ராக்சைடையோ சேர்த்து 7-ஐ ஒட்டிக் கொண்டுவருவது வழக்கம். அந்தத் திருத்தமே நச்சைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

வலுக்குறைந்த அமிலங்களும் காரங்களும் நீரில் இரண்டு வடிவில் இருக்கும்: மின்சுமை இல்லாத மூலக்கூறாகவும், மின்சுமை ஏறிய அயனியாகவும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்சுமை இல்லாதது அதை எளிதில் கடக்கும். அயனி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். பென்டாகுளோரோபீனால் என்ற வலுக்குறைந்த அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிகேஏ, அதாவது இரண்டு வடிவும் சரிபாதியாக இருக்கும் பிஎச், சுமார் 4.7. பிஎச் 6-இல் ஏறத்தாழ 5 விழுக்காடு மின்சுமையற்ற வடிவில் இருக்கும்; பிஎச் 7-இல் அது 0.5 விழுக்காடு; பிஎச் 8-இல் 0.05 விழுக்காடு. அயனிக்கும் ஓரளவு நச்சு உண்டு என்பதால் நச்சுத்தன்மை இதே விகிதத்தில் குறையாது. ஆனால் பிஎச் ஏற ஏறக் குறையும். பிஎச் 6.2-இல் இருந்த கழிவுநீரை ‘முறைப்படி’ 7-க்கு உயர்த்திச் சோதித்தால், ஆற்றில் இருந்ததைவிடச் சாதுவான நீரைத்தான் நாம் அளக்கிறோம். இத்தனைக்கும் 6.2 என்பது திருத்தவே தேவையில்லாத எல்லைக்குள் இருக்கிறது. ‘எதற்கும் 7-க்குக் கொண்டுவந்துவிடுவோம்’ என்ற பழக்கம் செய்யும் தவறு இது.

சல்பைடும் சயனைடும் இன்னும் கவனம் வேண்டுபவை. ஹைட்ரஜன் சல்பைடின் பிகேஏ 7-ஐ ஒட்டியது. பிஎச் 7-இல் பாதி வாயு வடிவில் இருக்கும். 8-இல் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒளிரும் பாக்டீரியா சல்பைடுக்கு மிக எளிதில் மங்கும். காரத்தன்மை கொண்ட மாதிரியில் அமிலம் விட்டால் சல்பைடு வாயுவாக மாறி, கலக்கக் கலக்க வெளியேறிவிடும். பிறகு அந்த நீரில் நச்சு இல்லை என்று எழுதுவார்கள். உண்மையில் நச்சு அறைக்குள் பரவியிருக்கும். சயனைடுக்கும் இதே கதிதான். அங்கே சோதனை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. சயனைடோ சல்பைடோ இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் அல்லாமல் அமிலத்தைத் தொடவே கூடாது.

உலோகங்களில் இதே பிழை அமிலத்தால் அல்ல, காரத்தால் நடக்கிறது. அமிலத்தன்மையுள்ள முலாம் பூசும் ஆலைக் கழிவில் செம்பும் துத்தநாகமும் கரைந்திருக்கும். அதை நடுநிலையாக்கக் காரம் விட்டால் அவை ஹைட்ராக்சைடாக வீழ்படியும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில், செம்பு பிஎச் 6-ஐத் தாண்டும்போதே படியத் தொடங்கும். துத்தநாகம் 8-ஐ நெருங்கும்போது. அடர்ந்த காரத்தை ஒரே இடத்தில் ஊற்றினால், மொத்த நீரின் பிஎச் 7-ஐத் தாண்டாவிட்டாலும் துளி விழுந்த இடத்தில் பிஎச் 12 வரை எகிறும். அங்கே உருவான வீழ்படிவு மீண்டும் கரைய நெடுநேரம் பிடிக்கும். அதைக் கலங்கல் என்று நினைத்து வடிகட்டிவிட்டால் கதை முடிந்தது. தேடிப்போன நச்சு வடிதாளில் இருக்கும். குழாயில் இருப்பது தெளிந்த உப்புநீர். காரத்தை நீர்த்த நிலையில், இடைவிடாமல் கலக்கிக்கொண்டே, துளித்துளியாக விட வேண்டும். திருத்திய மாதிரி, திருத்தாத மாதிரி இரண்டையும் அருகருகே சோதித்து இரண்டு முடிவையும் எழுத வேண்டும். வடிகட்டினார்களா, வடிகட்டினால் எந்தக் கட்டத்தில் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். நைட்ரிக், சல்ப்யூரிக் அமிலங்களைவிட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விரும்புவதற்குக் காரணம் உண்டு: எப்படியும் சோதனைக் குழாயில் சோடியம் குளோரைடு நிறைய இருக்கப்போகிறது, புதிதாக வேறோர் அயனியை நுழைக்காமல் இருக்கலாம்.

பிஎச்-ஐ எப்போது அளப்பது என்பதிலும் பிழை நேர்கிறது. உப்பு சேர்ப்பதற்கு முன் அளந்த பிஎச்-உம் சேர்த்தபின் அளக்கும் பிஎச்-உம் ஒன்றல்ல. பாக்டீரியாக் கரைசலோடு கலந்தபின் இன்னும் மாறலாம். ஆகையால் மிகச் செறிவான நீர்த்தலில் ஒரு குழாயைக் கூடுதலாகத் தயார்செய்து, சோதனை முடிவில் அதன் பிஎச்-ஐ அளந்து பதிவதே சரி. பிஎச் நிலையாக இருக்கட்டும் என்று பாஸ்பேட் தாங்கல் கரைசலைச் சேர்ப்பவர்கள் உண்டு. பாஸ்பேட் காரீயத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். உலோகம் இருக்கக்கூடிய நீரில் அதைச் சேர்ப்பது மாற்றுமருந்தைக் கலப்பதற்கு ஒப்பு.

அடுத்தது உப்பு. இந்தச் சோதனையின் ஆகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது எங்கள் கருத்து. அலிவிப்ரியோ கடலில் வாழ்வது. நன்னீரில் போட்டால் சவ்வூடு பரவலால் செல் உப்பி அழியும். அதனால் எந்த நன்னீர் மாதிரியானாலும் லிட்டருக்கு 20 கிராம் சோடியம் குளோரைடு சேர்க்க வேண்டும். திட உப்பாகச் சேர்க்கலாம்; அல்லது 2.5 மில்லிலிட்டர் மாதிரிக்கு 22 விழுக்காட்டு உப்புக்கரைசல் 0.25 மில்லிலிட்டர் சேர்க்கலாம். இரண்டாவது வழியில் மாதிரி 100-லிருந்து 90.9 விழுக்காடாகவும், பாக்டீரியாவோடு சம அளவு கலந்தபின் சுமார் 45 விழுக்காடாகவும் நீர்த்துவிடும். திட உப்பு என்றால் உச்சச் செறிவு 50 விழுக்காடு. ‘நீர்த்தாத கழிவுநீரில் சோதித்தோம்’ என்று எந்த அறிக்கையாவது சொன்னால், உண்மையில் பாதியளவு நீரில்தான் சோதித்தார்கள் என்று கொள்ள வேண்டும். மாதிரியே ஏற்கெனவே லிட்டருக்கு 20 முதல் 50 கிராம் வரை உப்புத்தன்மை கொண்டதாக இருந்தால் மேலும் உப்பு சேர்க்கக் கூடாது. குழாயில் மொத்த உப்புத்தன்மை 35 கிராமுக்கு நிகரான அளவைத் தாண்டினால், உப்பே ஒளியை மங்கச் செய்யும். தோல் பதனிடும் கழிவிலும் சாயக் கழிவிலும் உப்பு ஏராளம். மின்கடத்துதிறனை அளக்காமல் வழக்கம்போல 20 கிராமைக் கொட்டிவிட்டு ‘கடும் நச்சு’ என்று எழுதுவதும் நடக்கிறது. அதுவும் அநியாயம்தான்.

உப்பின் வேதியியல் விளைவு இதைவிட ஆழமானது. லிட்டருக்கு 20 கிராம் சோடியம் குளோரைடு என்றால் குளோரைடு அயனியின் செறிவு 0.34 மோலார். நன்னீரில் தனி அயனியாகத் திரியும் காட்மியம், இவ்வளவு குளோரைடுக்கு நடுவே வந்ததும் அதனோடு சேர்ந்து அணைவு அயனிகளாக மாறிவிடும்; 90 விழுக்காட்டுக்கு மேல் அப்படிக் கட்டுண்டுவிடும். செல்லுக்குள் எளிதாக நுழைவது தனி அயனிதான். ஏரியில் மீன்களையும் நீர்த்தெள்ளுப்பூச்சிகளையும் கொல்லக்கூடிய காட்மியம், சோதனைக் குழாயில் பல்லில்லாப் பாம்பாகிவிடுகிறது. வெள்ளி அயனியோ வெள்ளி குளோரைடாகப் படியும், அல்லது அணைவாகும். பாதரசமும் குளோரைடோடு இறுகப் பிணைகிறது. ஆனாலும் அதன் கடுமை காரணமாகச் சோதனையில் அகப்பட்டுவிடும். துத்தநாகத்தைக் குளோரைடு அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. ஆக, ஒரே கழிவில் பல உலோகங்கள் இருக்கும்போது சோதனை எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்று வழியும் இருக்கிறது. சவ்வூடு அழுத்தத்தை உப்பால்தான் ஈடுசெய்ய வேண்டும் என்பதில்லை, சர்க்கரையாலும் செய்யலாம். லிட்டருக்கு 204 கிராம் சுக்ரோஸ் சேர்த்தால் அதே அழுத்தம் கிடைக்கும், குளோரைடு வராது. கரைசல் பிசுபிசுப்பாக இருக்கும் என்பதால் பிப்பெட்டில் எடுக்கும்போது மெதுவாக எடுத்து மெதுவாக விட வேண்டும். ஒப்பீட்டுக் குழாயிலும் அதே சர்க்கரைக் கரைசல் இருக்க வேண்டும். உலோகம் சந்தேகிக்கப்படும் நன்னீர் மாதிரியை உப்பிலும் சர்க்கரையிலும் தனித்தனியே சோதித்து, சர்க்கரையில் நச்சு கூடுதலாகத் தெரிந்தால், குளோரைடு மறைத்த உலோகம் ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். கூடுதல் செலவு சில கிராம் சர்க்கரையும் ஒரு மணி நேரமும்தான். அதைச் செய்யாமல் ‘காட்மியம் கலந்த நீர் பாதுகாப்பானது’ என்ற முடிவுக்கு வருவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆக்சிஜனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒளி உண்டாக ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும், லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். அழுகிய சாக்கடை நீரும் ஆழ்நிலத்தடி நீரும் ஆக்சிஜனே இல்லாமல் வரும். அதில் ஒளி மங்கினால் நச்சா, மூச்சுமுட்டலா என்று பிரித்தறிய முடியாது. காற்றேற்றினால் சல்பைடும் எளிதில் ஆவியாகும் கரைப்பான்களும் பறந்துபோகும். இரும்பு நிறைந்த நிலத்தடி நீரில் இன்னொன்றும் நடக்கும்: காற்றுப் பட்டதும் இரும்பு செந்நிறமாகப் படியும், படியும்போது மற்ற உலோகங்களையும் வாரிக்கொண்டு போகும். எனவே குமிழி விட்டுக் காற்றேற்றுவதைத் தவிர்த்து, அகன்ற பாத்திரத்தில் மெல்லச் சுழற்றி, முன்னும் பின்னும் கரைந்த ஆக்சிஜனை அளந்து எழுத வேண்டும். பெப்டோன், ஈஸ்ட் சாறு, யூரியா போன்ற எளிதில் மக்கும் கரிமப்பொருள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் இருந்தாலே, நச்சே இல்லாமலும் ஒளி குறையக்கூடும். உணவு ஆலைக் கழிவு தொடர்பான முடிவுகளை இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

குளோரின் விஷயத்தில் நேர்மை பற்றிய கேள்வியே எழுகிறது. கிருமிநீக்கம் செய்த கழிவுநீரில் மீந்திருக்கும் குளோரின் இந்தப் பாக்டீரியாவை நொடியில் அணைத்துவிடும். பின்னணியில் வேறு நச்சு உண்டா என்று பார்க்கக் குளோரினை நீக்கத்தான் வேண்டும். சோடியம் தயோசல்பேட் அதற்குப் பயன்படுகிறது. வினை டெட்ராதயோனேட்டில் நின்றால், 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஐந்துநீரேற்றத் தயோசல்பேட் தேவை. சல்பேட் வரை முழுமையாகப் போனால் 1 மில்லிகிராமுக்கும் குறைவே போதும். பிஎச்-ஐப் பொறுத்து நடப்பது இவற்றுக்கு இடைப்பட்டது. அதனால் குளோரினை முதலில் அளந்து, சிறிது சிறிதாகத் தயோசல்பேட் சேர்த்து, குளோரின் காணாமல் போனதும் நிறுத்த வேண்டும். ‘கொஞ்சம் கூடவே போட்டுவிடுவோம்’ என்றால், மிஞ்சிய தயோசல்பேட் வெள்ளியையும் பாதரசத்தையும் செம்பையும் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும். தூய நீரில் அதே அளவு தயோசல்பேட் சேர்த்த ஒரு குழாயும் ஒப்பீட்டுக்கு வேண்டும். முக்கியமானது, குளோரினோடு சோதித்த முடிவும் வெளியாக வேண்டும். ஆற்றில் விடும்போது தயோசல்பேட் சேர்க்காத ஆலை, ஆய்வகத்தில் மட்டும் அதைச் சேர்த்துவிட்டு ‘நச்சு இல்லை’ என்று சான்றிதழ் வாங்குவது மக்களை ஏமாற்றும் செயல்.

இதே வேதிவினைகளை நல்லதற்கும் பயன்படுத்தலாம். உலோகங்களைப் பிணைக்கும் ஈடிடிஏ என்ற சேர்மத்தைச் சேர்த்தபின் நச்சு மறைந்தால், குற்றவாளி உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். தயோசல்பேட்டால் மறைந்தால் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றி அல்லது சில உலோகங்கள். பிஎச் 11-க்கு உயர்த்திக் காற்றேற்றி, மீண்டும் பழைய பிஎச்-க்குக் கொண்டுவந்தபின் குறைந்தால் அம்மோனியா போன்ற ஆவியாகும் காரம். பிஎச் 3-இல் காற்றேற்றிக் குறைந்தால் சல்பைடு, சயனைடு வகை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த நச்சு அடையாளம் காணும் முறையின் முதல் கட்டம் இந்தத் தர்க்கத்தில்தான் இயங்குகிறது. மறைக்கும் அதே கருவிதான் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. என்ன சேர்த்தோம் என்று எழுதிவைத்தால் மட்டும்.

அம்மோனியா என்றதும் ஓர் எச்சரிக்கை. மீனைக் கொல்வது மின்சுமையற்ற அம்மோனியா. 15 டிகிரியில் பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான் அந்த வடிவில் இருக்கும், பிஎச் 8.5-இல் சுமார் 8 விழுக்காடு. பிஎச்-ஐ 8.5-லிருந்து 7-க்கு இறக்கினால் கொல்லும் வடிவம் முப்பதில் ஒரு பங்குக்கு அருகே சுருங்கிவிடும். அது ஒருபுறம் இருக்க, ஒளிரும் பாக்டீரியா அம்மோனியாவை மீன்களைப்போல் பொருட்படுத்துவதே இல்லை. குப்பைமேட்டுக் கசிவும் வீட்டுக் கழிவுநீரும் அம்மோனியா நிறைந்தவை. அவற்றுக்கு இந்தச் சோதனையை மட்டும் வைத்து ‘மீன்களுக்கு ஆபத்தில்லை’ என்று சொல்ல எந்த அடிப்படையும் கிடையாது.

நேரத்தைப் பற்றி இரண்டு வாக்கியம். பீனால் போன்ற கரிமச் சேர்மங்கள் 5 நிமிடத்திலேயே முழு விளைவைக் காட்டிவிடும். துத்தநாகம், ஆறிணைதிறக் குரோமியம் போன்ற உலோகங்கள் 15, 30 நிமிடம் போகப் போகத்தான் கடிக்கும். 5 நிமிட எண்ணை மட்டும் கொடுக்கும் அறிக்கை, உலோகங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

நிறமும் கலங்கலும் நச்சு அல்ல. ஆனாலும் ஒளியை விழுங்கும். 490 நானோமீட்டர் ஒளியைச் சிவப்பும் பழுப்பும் நன்றாக உறிஞ்சும் என்பதால், சாயக்கழிவு தன் நிறத்தாலேயே நச்சுபோலத் தோன்றும். நிறத் திருத்தத்துக்கென இரட்டை அறைக் குழாய் உண்டு: பாக்டீரியா உள்ளறையில், நிறநீர் வெளியறையில், இரண்டும் கலக்காமல். நிறத்தால் மட்டும் எவ்வளவு ஒளி குறைகிறது என்று அதில் அளந்து கழித்துவிடலாம். பழுப்பு நிறம் தரும் ஹியூமிக் அமிலங்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவை செம்பைப் பிணைத்துச் சாதுவாக்கும். அப்படி நிறத்தால் கூடுதலாகவும் பிணைப்பால் குறைவாகவும் தெரியும் எண்ணைத் திருத்தமின்றி அச்சிட்டால் அது எதையும் குறிக்காது.

மாதிரி ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே பல சோதனைகள் கெட்டுவிடுகின்றன. உலோகப் பகுப்பாய்வுக்கென நைட்ரிக் அமிலம் இட்டுத் தரும் குப்பிகளில் இந்த மாதிரியையும் பிடித்துவிடுகிறார்கள். அதை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. சோப்புத்தூளால் கழுவிச் சரியாக அலசாத குப்பியும் அப்படித்தான். கண்ணாடிக் குப்பியில் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இருட்டில் 2 முதல் 5 டிகிரி வரை குளிர்வித்து, 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். நீரில் கரையாத பொருளை மெத்தனாலிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்துச் சேர்த்திருந்தால், அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த குழாயின் முடிவையும் காட்ட வேண்டும்.

பாக்டீரியாவே சரியாக இருந்ததா என்பதற்குச் சான்று கேட்கலாம். உறையவைத்து உலர்த்திய வகைக்கு மூன்று ஒப்பீட்டுப் பொருள்கள் உள்ளன: குழாயில் இறுதிச் செறிவாக 3,5-டைகுளோரோபீனால் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம், துத்தநாகம் 2.2 மில்லிகிராம், ஆறிணைதிறக் குரோமியம் 18.7 மில்லிகிராம். இவை ஒவ்வொன்றும் 30 நிமிடத்தில் ஒளியை 20 முதல் 80 விழுக்காடு வரை தடுக்க வேண்டும். துத்தநாக சல்பேட் ஏழுநீரேற்றமாக எடைபோட்டால் 9.67 மில்லிகிராம், பொட்டாசியம் டைகுரோமேட்டாக 52.9 மில்லிகிராம். உப்பை உலோகமாகக் கணக்கிட்டு எடைபோடும் பிழை அடிக்கடி நேர்வதால் இரண்டு எண்ணையும் தருகிறோம். மூன்று பொருளும் ஏன் என்றால், ஒன்று கரிமச் சேர்மம், ஒன்று நேர் அயனி, ஒன்று எதிர் அயனி. வேதிநிலை எங்கே பிசகினாலும் மூன்றில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். நீர்த்தும் கரைசலில் பாஸ்பேட் கலந்துவிட்டால் துத்தநாகம் அடங்கிப்போகும், டைகுளோரோபீனால் மாறாது. பீனால் ஒன்றை மட்டும் வைத்துச் சரிபார்க்கும் ஆய்வகத்துக்கு இந்தப் பிசகு தெரியவே தெரியாது. ஒப்பீட்டுக் குழாயின் ஒளி 30 நிமிடத்தில் 0.6 முதல் 1.8 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் கோரிக்கை இது. இத்தகைய முடிவு கைக்கு வரும்போது உங்கள் செய்தியாளர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் கேட்டு வாங்கட்டும். வந்தபோதும் சோதித்தபோதும் பிஎச் என்ன, திருத்தாத மாதிரியின் முடிவு என்ன, உப்பா சர்க்கரையா, எவ்வளவு, வடிகட்டியது எப்போது, ஆக்சிஜன் எவ்வளவு, தயோசல்பேட் சேர்த்தார்களா, 30 நிமிட எண் எங்கே, மூன்று ஒப்பீட்டுப் பொருள்களும் எல்லைக்குள் இருந்தனவா என்று பார்க்கட்டும். முறைப்படி நடந்த சோதனையில் இவை அனைத்தும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தருவதற்கு ஆய்வகத்துக்கு ஐந்து நிமிடம் போதும். தர மறுத்தால், ‘விவரம் தரப்படவில்லை’ என்ற வரியையும் முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நீர் நச்சுத்தன்மைச் சோதனைப் பணியில் உள்ள சிலர்